நாம் நடக்கும் தெருக்களும் நம்மை உண்பித்த கைகளும்



யூபிலி மலர் ஒன்று வெளிவருகிறதென்றால் அதில் ஆலய வரலாறு இடம்பெறுவது மரபு. அடிக்கல் நாட்டிய நாள், மணிக்கூண்டு எழுந்த விதம், இங்கே பணியாற்றிச் சென்ற குருக்களின் வரிசை, கன்னியர் ஆற்றிய தொண்டு ஆகியவை இம்மலரின் வேறு பக்கங்களில் முறையாக எழுதப்பட்டுள்ளன. விழாக் குழுவினர் நம்மிடமும் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டபோது, ஆலயச் சுற்றுச்சுவருக்கு வெளியே உள்ளதை எழுதுவது என்று முடிவு செய்தோம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சென்ற ஆண்டுத் திருவிழாவிற்கு, பல ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து புறநகருக்குக் குடிபோன ஒரு குடும்பம் வந்திருந்தது. தேர் நிலைக்கு வந்தபின் அக்குடும்பத்தின் பேத்தி, கல்லூரியில் படிக்கும் பெண், நம்மிடம் கேட்டாள்: "ஃபாதர், தாத்தா எப்பப் பார்த்தாலும் இந்த ஊரைப் பத்தியே பேசறார். அப்படி என்ன இருக்கு இங்கே? குப்பையும் கூட்டமும்தானே?" பக்கத்தில் நின்ற பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். நாமும் ஏதோ சிரித்து மழுப்பிவிட்டோம். அன்றிரவு நம் மழுப்பலை நினைத்து நமக்கே வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தாமதமாகச் சொல்லும் பதிலாக இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

வீடிழந்தோர் கட்டிய ஊர்

1639இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்கடற்கரையில் ஒரு மணல் திட்டைப் பெற்றுக்கொண்டு கோட்டை எழுப்பத் தொடங்கினர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கோட்டைக்கு வடக்கே நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் குடியேறிய பகுதியை ஆங்கிலேயர் 'கறுப்பர் நகரம்' என்றனர். அந்தப் பழைய நகரம் நாம் இன்று வாழும் இடத்தில் இருக்கவில்லை. உயர் நீதிமன்றமும் அதன் சுற்றுவெளியும் உள்ள நிலத்தில்தான் அது இருந்தது.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1749இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. 1758 டிசம்பரில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி மீண்டும் முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் திரும்பிப் போனார். கோட்டைக்கு அருகே வீடுகள் இருந்தால் பகைவன் அவற்றின் மறைவில் நின்று சுடுவான் என்ற அச்சத்தால், கோட்டையை அடுத்திருந்த பழைய நகரம் முழுவதும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. மக்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் பெயர்ந்தனர். வெட்டவெளியின் எல்லையைக் காட்ட 1773இல் நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் இன்றும் நிற்கிறது. நாள்தோறும் அதைக் கடந்து பேருந்துக்கு ஓடுகிறோம். ஒருநாள் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். 'இதற்குத் தெற்கே யாரும் வீடு கட்டக்கூடாது' என்று நம் முன்னோருக்குச் சொன்ன கல் அது.

இடிபட்டவை வீடுகள் மட்டுமல்ல. கோட்டைக்குள் இருந்த கப்புச்சின் துறவியரின் ஆலயத்தை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு இடித்தனர். துறவியர் ஆர்மேனியன் தெருவுக்கு வந்தனர். 1712இல் ஆர்மேனியர் கட்டிய கோயிலும் அழிந்து, 1772இல் இன்றைய இடத்தில் எழுந்தது. இந்துக்களின் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757இல் இடிக்கப்பட்டு, பூக்கடைப் பகுதியில் மறுபடி கட்டப்பட்டது. ஆக, இத்தெருக்களில் உள்ள வழிபாட்டு இடங்கள் பலவும் ஒருமுறை வீடிழந்து வந்தவை. நம் ஊரின் பிறப்பு அத்தகையது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் நாம் சொல்லப்போகும் உணவுக் கதைகள் எளிதில் விளங்கும்.

1769இல் ஐதர் அலியின் படை சென்னையின் வாயில் வரை வந்ததைக் கண்டபின் புதிய நகரைச் சுற்றி மதில் எழுந்தது. அதற்கான செலவை மக்களிடமே வரியாக வாங்க எண்ணினர்; அந்த எண்ணத்தின் நினைவுதான் வால்டாக்ஸ் சாலை. மதிலின் எஞ்சிய பகுதியைப் பழைய சிறைச்சாலைச் சாலையில் 'மாடிப் பூங்கா' என்ற பெயரில் காணலாம். முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவே கிடந்த பள்ளத்தை ஸ்டீபன் பாப்பம் என்ற வழக்கறிஞர் 1780களில் வடித்து மேடாக்கினார். அதுவே பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. இப்போதும் மழைக்காலத்தில் அங்கே முழங்கால் தண்ணீர் நின்றால், பழைய பள்ளம் தன் உரிமையைக் கேட்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்!

முதலில் தண்ணீர்

உணவைப் பற்றிப் பேசுமுன் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். கடலோர மணலில் உப்புநீர்தான் ஊறும். நகரின் வடக்குப் பகுதியில் நல்ல நீர் கிடைப்பதைக் கண்டு, 1772இல் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி அங்கே கிணறுகளை அமைத்து, கோட்டைக்கு நீர் கொண்டுபோயினர். அதுவே ஏழுகிணறு. ஊரார் குடிக்கும் நீருக்கு ஒழுங்கான ஏற்பாடு நெடுங்காலம் கழித்தே வந்தது. செங்குன்றம் ஏரியிலிருந்து நீர் வந்தது 1872இல். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914இல். கோட்டைக்குக் குடிநீர் தந்த பகுதியில் வாழ்ந்தவர்களே நூறு ஆண்டுகள் காத்திருந்தனர்.

வெயிற்காலத்தில் நம் தெருக்களில் கிடைக்கும் பானங்கள் பல. ரத்தன் பஜார் ஓரத்து நன்னாரி சர்பத், எலுமிச்சைச் சாறு பிழிந்த கோலி சோடா, உயர் நீதிமன்றத்தின் எதிரே கரும்புச் சாறு, தங்கசாலைத் தெருவில் ஏடு மிதக்கும் பாதாம்பால் என்று நாவுக்கு இனியவை எத்தனையோ உண்டு. ஆயினும் மூட்டை தூக்குபவர் ஒருவர் உச்சிவெயிலில் கடை வாசலில் நின்று கேட்பது ஒரு குவளைத் தண்ணீர்தான். கேட்காமலே கொடுக்கும் கடைக்காரர்கள் இன்றும் இத்தெருக்களில் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே எழுதுகிறோம்.

அரண்மனைக்காரத் தெரு

நம் ஊரைச் சுற்றிப் பார்க்க விரும்புவோர் ஆர்மேனியன் தெருவில் தொடங்குவது நல்லது. பழைய சென்னைவாசிகள் இதை 'அரண்மனைக்காரத் தெரு' என்பர். இங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை. 'ஆர்மேனியக்காரன்' என்ற சொல் தமிழர் வாயில் புழங்கி 'அரண்மனைக்காரன்' ஆயிற்று, அவ்வளவே.

ஆர்மேனியர் பெரும் வணிகர். அவர்களுள் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்பவர் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டினார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளையும் அமைத்தார். பரங்கிமலைத் திருயாத்திரை போகும் நம் மக்கள் அவர் காசில் எழுந்த படிகளில்தான் ஏறுகின்றனர். 1794இல் உலகின் முதல் ஆர்மேனிய இதழான 'அஸ்தரார்' அச்சானதும் இந்தச் சென்னையில்தான். அதை வெளியிட்ட ஹாருத்யூன் ஷ்மாவோனியான் என்னும் குருவின் கல்லறை அக்கோயில் வளாகத்திலேயே இருக்கிறது. மணிக்கூண்டில் ஆறு மணிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன.

அங்கே போனால் மரநிழலும் அமைதியும் மனத்தைத் தொடும். தரையில் பதித்த கல்லறைக் கற்களின் மேல்தான் நடக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோயில் துப்புரவாகப் பேணப்படுகிறது, மணிகளும் பழுதில்லை. வழிபடத்தான் மக்கள் இல்லை. ஆர்மேனியக் குடும்பங்கள் சென்னையை விட்டுப் போய்விட்டன. நாம் அங்கே போகும்போதெல்லாம் ஒரு பங்குத்தந்தைக்குரிய அச்சம் நம் நெஞ்சில் எழுவதுண்டு. அதைப் பின்னர் சொல்வோம்.

அதே தெருவில் உள்ள மரியன்னை இணைப் பேராலயத்தை அறியாதார் இல்லை. செவ்வாய்க்கிழமைதோறும் புனித அந்தோனியாரை நாடிச் சாதி மத வேறுபாடின்றி மக்கள் திரள்கின்றனர். இதன் தொடக்கம் 1642. எபிரேம் தெ நெவேர் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் குரு அவ்வாண்டு சென்னைக்கு வந்தபோது, அவர் நோக்கம் சென்னை அன்று. பர்மாவிலுள்ள பெகு நாட்டிற்குக் கப்பலேறுவதே அவர் எண்ணம். இங்கிருந்த கத்தோலிக்கருக்குக் குரு இல்லாததால் அவரை இங்கேயே இருக்கும்படி கேட்டுக்கொண்டனர், அவரும் தங்கிவிட்டார். பர்மாவுக்குப் போக வந்தவர் இங்கே தங்கினார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் பர்மாவிலிருந்து வந்தவர்களும் இங்கேயே தங்கினர். அக்கதைக்கும் வருவோம்.

சற்று வடக்கே போர்த்துகீசியர் ஆலயத் தெரு உள்ளது. போர்த்துகீசியர் நமக்கு விட்டுச்சென்றவற்றைத் தேடி எங்கும் போக வேண்டாம். சமையலறைக்குப் போனால் போதும். மிளகாய் நம் நாட்டுப் பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதற்குமுன் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தனர். அன்னாசியும் கொய்யாவும் பெயரோடு வந்தவை. முந்திரியும் பப்பாளியும் அவ்வாறே கடல் கடந்தவை. நாம் உண்ணும் மேசை, பண்டம் வைக்கும் அலமாரி, அதைப் பூட்டும் சாவி, காற்று வரும் சன்னல் ஆகிய சொற்கள் எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவையே. அவ்வளவு ஏன், நம்மைக் குறிக்கும் 'பாதிரி' என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான்! ஆகவே 'இது நம் உணவு, அது அந்நியர் உணவு' என்று மார்தட்டுவோர் முதலில் தம் வீட்டு மிளகாய்ப்பொடியைக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

இட்லியும் ஜிலேபியும்

தம்புச்செட்டித் தெருவில் விசுவகர்ம மக்கள் பேணிவரும் காளிகாம்பாள் கோயில் இருக்கிறது. 1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி அங்கே வழிபட்டார் என்பது மரபு. இராசப்பச் செட்டித் தெருவில் உள்ள கந்தகோட்டம், இளம் வயது இராமலிங்க அடிகள் பாடிப் பரவிய இடம். அவர் ஏழுகிணறுப் பகுதியில் வீராசாமித் தெருவில் வாழ்ந்தார். பின்னாளில் 1867இல் வடலூரில் தருமசாலை நிறுவி, அவர் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தோர்க்குச் சோறு ஆக்குகிறது. பிறர் பசி கண்டு வாடிய அந்த உள்ளம் வளர்ந்தது நம் தெருக்களில்தான். இதைச் சொல்ல ஒரு கத்தோலிக்கக் குருவுக்குத் தயக்கம் ஏதும் இருக்க வேண்டியதில்லை.

துறைமுகமும் நீதிமன்றமும் வணிக நிறுவனங்களும் நிறைந்த இவ்வூருக்கு, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தோர் ஏராளம். அவர்களுக்குச் சோறு போட உடுப்பியிலிருந்து சமையற்காரர்கள் வந்தனர். பின்னர் உட்லண்ட்ஸ் ஓட்டலை நிறுவிப் பெரும்புகழ் பெற்ற கே. கிருஷ்ணராவ், தொடக்கத்தில் நம் ஆச்சாரப்பன் தெருவில் ஒரு சிறிய உணவு விடுதியை நடத்தியவர் என்பது இங்குள்ளோர் பலருக்கும் தெரியாது.

இன்று மாலை வேளையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில், முன்பு சைனா பஜார் என்றழைக்கப்பட்ட வீதியில், சீனா பாய் டிபன் கடையின் முன் கூட்டம் நிற்பதைக் காணலாம். அங்கே கிடைப்பவை நெய்யிட்ட பொடி இட்லியும் ஊத்தப்பமும்தான். ஆயினும் வழக்கறிஞரும் கைவண்டிக்காரரும் தோளோடு தோள் நின்று உண்கின்றனர். தட்டைக் கையில் ஏந்தினால் எல்லாரும் ஒரே வரிசைதான். 'கையேந்தி பவன்' என்று சென்னை மக்கள் வேடிக்கையாக வைத்த பெயரில் ஒரு சமத்துவம் அடங்கியிருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

தங்கசாலை என்னும் மின்ட் தெரு, கம்பெனியார் நாணயம் அடித்த சாலையால் பெயர் பெற்றது. அதைச் சூழ்ந்த சௌகார்பேட்டையில் குஜராத்தியரும் மார்வாரியரும் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். காக்கடா ராம்பிரசாத் கடையில் நெய் மணக்கும் ஜிலேபியும் பாதாம்பாலும் பேர்போனவை. இவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பு 'முறுக்கு சாண்ட்விச்'. இரண்டு முறுக்குகளுக்கு நடுவே சட்னி தடவி, தக்காளி, வெள்ளரிக்காய், வெங்காயத் துண்டுகளை அடுக்கித் தருவார்கள். வடநாட்டார் சட்னியும் நம் முறுக்கும் ஆங்கிலேயர் முறையில் கைகுலுக்கிக்கொள்ளும் இப்பண்டம், எந்தச் சமையல் நூலும் பார்த்துச் செய்ததன்று. பக்கத்து வீடுகளில் வாழ்ந்ததால் தானாக விளைந்தது.

மண்ணடிக்குப் போனால் மணம் மாறும். மரைக்காயர் முதலான தமிழ் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் வாழும் தெருக்கள் அவை. காலையில் இடியாப்பமும் பாயாவும், நண்பகலில் பிரியாணியும் கிடைக்கும். ரமலான் மாதத்தில் மாலைதோறும் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி வழங்கப்படும். தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்போரின் மதத்தை யாரும் விசாரிப்பதில்லை. நம் பங்குப் பிள்ளைகள் சிலரும் அவ்வரிசையில் நிற்பதை நாம் அறிவோம். தவக்காலத்தில் நாம் வழங்கும் கஞ்சிக்கு அவர்கள் பிள்ளைகள் வருவதையும் அறிவோம். ஊர் இவ்வாறே நடந்துவருகிறது.

பர்மாவிலிருந்து வந்த தட்டு

இப்போது ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் இப்பங்கிற்குப் பொறுப்பேற்று வந்த முதல் இரண்டு ஆண்டுகள், பங்கு இல்லத்துச் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. தெருக்கடையில் உண்பது குருவுக்கு அழகன்று என்று ஒரு நினைப்பு. வயிறு கெட்டுவிடுமோ என்று ஒரு பயம். நோயுற்றோரைச் சந்திக்கப் போவோம், திரும்பி வருவோம், கதவைச் சாத்திக்கொள்வோம். ஊரில் இருந்தோம்; ஊரோடு இருக்கவில்லை.

ஒருநாள் மாலை, நம் பங்கின் மூத்தவர் ஒருவர் இல்லத்திற்கு வந்தார். "சாமி, இன்னிக்கு என்னோட வாங்க. மறுக்கக் கூடாது" என்று கூட்டிச் சென்றார். கடற்கரை ரயில் நிலையத்தின் எதிர்ப்புறம், செகண்ட் லைன் பீச் ஓரத்தில், தள்ளுவண்டிக் கடை ஒன்றின் முன் மரப்பலகையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் ஆரஞ்சு நிறத் தடித்த நூடுல்ஸை ஒரு பாத்திரத்தில் இட்டு, மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோசு, வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பொரித்த பூண்டு, எண்ணெய் எல்லாம் சேர்த்து, பேஜோ என்னும் மொறுமொறுப்பான வடையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்தார். அதுவே அத்தோ. 'கையால் கலந்தது' என்ற பொருளுடைய பர்மியச் சொல்லிலிருந்து வந்த பெயர். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப். பிளந்த அவித்த முட்டைக்குள் வெங்காயமும் புளியும் வைத்த மசாலா முட்டை.

உண்ணும்போது அவர் சொன்னார்: "நான் பத்து வயசுப் பையன் சாமி, அறுபத்தஞ்சுல. ரங்கூன்ல கப்பல் ஏறினோம். அம்மா காதுல கிடந்த கம்மலைக்கூட அங்கேயே கழட்டி வாங்கிட்டாங்க. இங்கே வந்து இறங்கினா எங்க தமிழைக் கேட்டுச் சிரிக்கிறாங்க. அங்கே எங்களை இந்தியாக்காரன்னாங்க, இங்கே பர்மாக்காரன்னாங்க."

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால்: 19ஆம் நூற்றாண்டில் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனபின், செட்டியார்களும் கணக்கர்களும் கூலித் தொழிலாளரும் ஆகத் தமிழர் பல்லாயிரவர் அங்கே சென்றனர். 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது இலட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியே நடந்து வந்தனர். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் மீண்டும் வாழ்க்கையை அமைத்துக்கொண்டனர். 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகளும் வணிகமும் அரசுடைமையாயின. பிழைப்பிழந்த மக்கள் சொத்துக்களை விட்டுவிட்டுக் கப்பல்களில் சென்னைத் துறைமுகம் வந்து சேர்ந்தனர். அவர்கள் பிழைக்க வழிசெய்யும் பொருட்டு 1969இல் இன்றைய ராஜாஜி சாலையோரம் உருவானதே பர்மா பஜார்.

"கடை கிடைக்கிற வரைக்கும் என்ன செய்யறது சாமி? அம்மா வீட்டுல அத்தோ பிசைஞ்சு, அன்னக்கூடையில வச்சுக் கொண்டுவந்து வித்தாங்க. முதல்ல வாங்கினவங்க எல்லாம் எங்களை மாதிரி பர்மாவிலிருந்து வந்தவங்கதான். சாப்பிட்டுட்டு அழுவாங்க. அப்புறம் துறைமுகத்துக் கூலிக்காரங்க வாங்க ஆரம்பிச்சாங்க. அந்தக் காசுலதான் எங்க அக்காவுக்குக் கல்யாணம் நடந்துச்சு, நம்ம கோயில்லதான்."

அந்தத் திருமணத்தை நம் பதிவேட்டில் நாம் தேடிப் பார்த்தோம். பெயர்கள் இருந்தன, தேதி இருந்தது, பெண்ணின் பெற்றோர் ஊர் 'ரங்கூன்' என்று இருந்தது. அத்தோவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. இருக்கவும் முடியாது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு ஆண்டுகள் அப்பதிவேட்டில் நாம் கையெழுத்திட்டு வந்திருக்கிறோம்.

கொத்தவால்சாவடி காலியானபோது

மீண்டும் ஒரு பெயர்ச்சி 1996இல் நிகழ்ந்தது. நகருக்கே காய்கறி கொடுத்துவந்த கொத்தவால்சாவடி மொத்தச் சந்தை கோயம்பேட்டிற்கு மாற்றப்பட்டது. குறுகிய தெருக்களில் லாரிகள் நெருங்கிக் கிடந்த நிலையில் அம்மாற்றம் தேவையாகவே இருந்தது. அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு விழிக்கும் ஊர் அது. மூட்டை இறக்கும் நாட்டாமைத் தொழிலாளர், மீன்பாடி வண்டிக்காரர், கூடை சுமக்கும் பெண்கள், அவர்களுக்கு விடியுமுன் இட்லி அவித்துக் கொடுத்த ஆயாக்கள் என்று ஒரு சந்தையைச் சுற்றி வாழ்ந்தோர் பலர். சந்தை போனது, சிலர் பின்னே போயினர், சிலர் வேலையின்றி இங்கேயே நின்றனர்.

அதைத் தொடர்ந்து, வீடுகள் கிடங்குகளாயின. மாடியில் குடும்பமும் கீழே கடையுமாக இருந்த கட்டடங்களில் இப்போது மேலும் கீழும் அட்டைப் பெட்டிகளே குடியிருக்கின்றன. நம் மக்கள் பெரம்பூர், கொளத்தூர், மாதவரம், தாம்பரம் என்று சிதறினர். பிள்ளைகளின் படிப்புக்காகவும் நல்ல காற்றுக்காகவும் போனார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் நம் ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கங்கள் ஆண்டுக்காண்டு மெலிந்துவருகின்றன. திருவிழாவன்று நிரம்பி வழியும் ஆலயம், சாதாரண ஞாயிறன்று பின்வரிசைகள் காலியாக நிற்கிறது. மேலே சொன்ன அச்சம் இதுதான். நம் ஆலயமும் ஒருநாள் நன்றாக வெள்ளையடிக்கப்பட்டு, மணிகளெல்லாம் ஒழுங்காக இருந்து, உள்ளே மக்கள் இல்லாமல் போய்விடுமோ? ஆர்மேனியர் நம்மைவிடச் செல்வர். நம்மைவிடத் தாராளமாகக் கொடுத்தவர். அவர்களுக்கே அது நேர்ந்தது.

இதற்கு நம்மிடம் மந்திரம் எதுவும் இல்லை. போனவர்களைத் திரும்பி வந்து குடியேறுங்கள் என்று கேட்கவும் முடியாது. ஆனால் ஓர் ஊரின் நினைவு அங்கே குடியிருப்போரிடம் மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. பர்மாவை விட்டு வந்தோர் பர்மாவைக் கையில் எடுத்து வரவில்லை. ஒரு தட்டு உணவைச் செய்யும் பக்குவத்தை மட்டும் எடுத்து வந்தனர். அது அறுபது ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது. தாத்தா இந்த ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார் என்றால், அவர் செய்வதும் அதுவே.

ஒரு வேண்டுகோள்

ஆகவே பங்கு மக்களிடம், குறிப்பாக வெளியே குடியேறிய குடும்பங்களிடம், ஒன்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த முறை வரும்போது பூசை முடிந்ததும் வண்டியேறிப் போய்விடாதீர்கள். 2019 முதல் மெட்ரோ ரயில் உயர் நீதிமன்றத்திற்கும் மண்ணடிக்கும் வந்துவிட்டது. வண்டி நிறுத்த இடமில்லை என்ற சாக்கும் போயிற்று. பாரிமுனை எல்லைத் தூணில் தொடங்கி, ஆர்மேனியன் தெரு வழியாகத் தம்புச்செட்டித் தெரு, மண்ணடி, பவளக்காரத் தெரு என்று நடந்து, தங்கசாலையில் பாதாம்பால் குடித்து, மாலையில் கடற்கரைப் பக்கம் அத்தோ உண்டு முடிக்கலாம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். ஒவ்வொரு தெருவிலும் தாத்தாவையோ பாட்டியையோ பேசவிடுங்கள். எந்த வீட்டில் பிறந்தோம், எந்தக் கடையில் கடன் சொல்லி வாங்கினோம், எந்த ஆயா காசில்லாத நாளிலும் இரண்டு இட்லி கொடுத்தார் என்பதெல்லாம் அவர்கள் சொல்லட்டும். சொன்னதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். நம் பதிவேடுகளுக்குப் பக்கத்தில் அவற்றையும் வைத்துக் காப்போம்.

குப்பையும் கூட்டமும்தானே என்று கேட்ட மகளே, நீ சொன்னது பொய்யில்லை. இரண்டும் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் உன் கொள்ளுப்பாட்டியும் ஒருநாள் கூடையோடு நின்றிருப்பார் என்பதைத்தான் நாம் அன்று சொல்லியிருக்க வேண்டும். இவ்வாண்டு திருவிழாவிற்குத் தாத்தாவோடு மாலையே வந்துவிடு. தேர் புறப்பட நேரமிருக்கும். பொடி இட்லிக்கு நாமே காசு கொடுக்கிறோம்.